புதுப்பிப்பு: ஷோஸ்தகோவிச் 5ஆம் சிம்பொனியின் முடிவு ஏன் இரண்டு வேகத்தில்?

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் இந்த இசைக்குழுப் படைப்பை இரண்டு நடத்துநர்களின் பதிவுகளில் கேட்டேன். 1959 பெர்ன்ஸ்டைன் பதிவில் கடைசிப் பகுதி பறக்கிறது, 1984 ம்ராவின்ஸ்கி பதிவில் நிதானமாக நடக்கிறது. ஒலிநாடாக் கோளாறா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

நாடாவில் குறையில்லை. இரண்டும் ஒரே சுருதியில், டி மேஜரில்தான் முடிகின்றன. நாடா வேகமாக ஓடியிருந்தால் சுருதியும் ஏறியிருக்கும். இசைக்குறிப்பின் அச்சுப் பிரதிகளைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ஒரு பதிப்பில் வேகம் நிமிடத்துக்கு 188 குவார்ட்டர் நோட், இன்னொன்றில் அதில் பாதி நீளமே உள்ள எய்த் நோட் 184. கிட்டத்தட்ட பாதி வேகம்!

1937இல் இதை முதலில் அரங்கேற்றியவர் ம்ராவின்ஸ்கி என்பதால் அவர் பக்கம் சாய்ந்தேன். அப்புறம்தான் எதிர்பாராத ஒன்று: மெதுவாகக் கேட்கையில், வயலின்கள் விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்த 'ஏ' சுரம் வெற்றி முழக்கமாகவே ஒலிக்கவில்லை, மனசைப் பிசைகிறது.