மான்வாலா, செயற்கை இழையா? கிளவுசர் மின்னோ சண்டை

ராரிட்டன் ராசா | நியூஜெர்சி | ஞாயிறு இரவு 10:40

ஃபிளை (முள்ளில் முடியோ இழையோ கட்டிச் செய்யும் போலி இரை) கட்டுகிற நான் இரண்டு குளிர்காலமாக மான்வால் முடியைத் தொடவே இல்லை. பெட்டியில் கிடந்த நாலு வாலையும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். இனி கிளவுசர் மின்னோ, அதாவது சின்ன மீன்போல் தெரியும் கனத்த கண் வைத்த ஃபிளை, கட்டினால் முழுக்கச் செயற்கை இழைதான். இந்த ஒரே ஃபிளையை மூன்று அளவில் வைத்துக்கொண்டு சாண்டி ஹூக்கிலிருந்து ஐலண்ட் பீச் வரை இலையுதிர் காலம் முழுக்க ஸ்ட்ரைப்பர் (உடம்பில் கோடு போட்ட பெரிய மீன்) பிடித்துவிடலாம் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

நான் கட்டும் விதம் இது. 1/0 அளவு முள். முள்ளின் காதிலிருந்து தண்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, டம்பெல் கண்ணை (இரு முனையிலும் குண்டுள்ள கனத்த உலோகத் துண்டு) நூலால் எட்டு போட்டு இறுக்கி ஒரு சொட்டு பசை. கண்ணைத் தண்டின் மேல்பக்கம் வைப்பதால் தண்ணீரில் ஃபிளை கவிழ்ந்து முள்முனை மேலே நிற்கும், அடியில் மாட்டாது. அதே பக்கத்தில் வெள்ளை இழை, அது வயிறு. வைஸில் (முள்ளைப் பிடிக்கும் இடுக்கி) முள்ளைத் திருப்பி ஏழெட்டு ஜிகினா இழை, அதன்மேல் ஆலிவ் நிறம், அது முதுகு. அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை.

வித்தை எல்லாம் நுனியில்தான் இருக்கிறது. செயற்கை இழை தலைமுதல் வால்வரை ஒரே பருமன். அப்படியே கட்டிக் குறுக்கே வெட்டினால் பெயின்ட் பிரஷ் ஆகிவிடும். கற்றையை இரண்டு கையாலும் இழுத்துப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மறுபடி இழுத்து, இப்படி ஐந்தாறு முறை செய்தால் நுனிகள் ஏறுமாறாக வரும். கட்டி முடித்தபின் கத்தரியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து வாலிலிருந்து தலை நோக்கி மேயவிட வேண்டும், சலூனில் கிருதா ஒதுக்குவார்களே அதுபோல.

சஸ்குவெஹானா சந்திரன் | பென்சில்வேனியா | ஞாயிறு இரவு 11:25

தம்பி, அழகாகக் கட்டுகிறீர்கள், ஆனால் அதற்குக் கிளவுசர் என்று பெயர் வைக்காதீர்கள். பாப் கிளவுசர் 1987-இல் எங்கள் சஸ்குவெஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற ஆற்று மீனுக்காகக் கட்டியது மான்வாலில். பிரபல ஃபிளை மீன்பிடிக்காரர் லெஃப்டி கிரே அதை ஊரெல்லாம் பரப்பியதும் அந்த மான்வால் ஃபிளையைத்தான்.

பெயரை விடுங்கள், விஷயம் அசைவு. மான்வால் முடி அடியில் உள்ளீடற்றது, நுனிக்குப் போகப் போக மெலிந்து கெட்டியாகும். அந்த மெலிவை நீங்கள் அரைமணி நேரம் கத்தரியோடு மல்லுக்கட்டி வாங்குகிறீர்கள், மான் அதை இலவசமாகத் தருகிறது. இழுக்கும்போது முடி ஒடுங்கும், நிறுத்தியதும் அடி விறைப்பால் மறுபடி விரியும், கண்ணின் கனத்தில் தலை குப்புற இறங்கும். மீன் கடிப்பது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். உங்கள் இழை தண்ணீரில் நனைந்ததும் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் குச்சியாக விழுகிறது. நானும் கட்டிப் பார்த்தவன்தான், தெரியாமல் சொல்லவில்லை.

ராரிட்டன் ராசா | திங்கள் காலை 6:50

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். அண்ணா, உங்கள் ஆற்றில் பல்லுள்ள மீன் எத்தனை? எங்கள் கரைக்கு புளூஃபிஷ் கூட்டம் வந்துவிட்டால் மான்வால் ஃபிளை இரண்டு கடிக்குத் தாங்காது, மூன்றாவதுக்கு வெறும் கண்ணும் முள்ளும்தான் திரும்பி வரும். ஃபிளை கட்டுவதில் பெயர்பெற்ற பாப் பாபோவிக்ஸ் எங்கள் நியூஜெர்சிக்காரர்தானே, செயற்கை இழையின்மேல் எபாக்ஸி பிசின் பூசி சர்ஃப் கேண்டி ஃபிளையைக் கண்டுபிடித்தது இந்தப் பல் தொல்லையால்தான். நான் எபாக்ஸிக்குப் பதில் தலையில் ஒரு சென்டிமீட்டருக்கு யுவி பிசின் (புற ஊதா ஒளியில் இறுகுவது) வைத்து யுவி டார்ச் அடிக்கிறேன். ஒரே ஃபிளை ஒரு மாலை முழுக்கத் தாங்கியிருக்கிறது.

இன்னொன்று, இந்த இழை தண்ணீர் குடிக்காது. ஆறு அங்குல ஃபிளையைக்கூட ஒரு பின்வீச்சில் உதறிவிட்டு 9 வெயிட் கழியில் (ஓரளவு கனத்த தூண்டில் கழி) காற்றை எதிர்த்து வீசலாம். ஆறு அங்குலத்துக்கு நீளமான மான்வால் எங்கே கிடைக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

முட்டுக்காடு மணி | சென்னை | திங்கள் மாலை 7:15

அண்ணன்மார் சண்டையில் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பிடிக்கப் பார்ப்பது கழிமுகத்தில் கொடுவா. இரை மடவைக் குஞ்சு, சில சமயம் நெத்திலி. அடியெல்லாம் சிப்பி ஒட்டிய கல், அதனால் முள்முனை மேலே நிற்கும் ஃபிளை என்றால் எனக்கு உயிர்.

மான்வாலுக்கு நான் எங்கே போவது? ஆன்லைனில் விலை பார்த்தேன், ஒரு வாலின் விலைக்கு இரண்டு நாள் படகு வாடகை கொடுக்கலாம். அதனால் உரச் சாக்கின் இழையைப் பிரித்துச் சீப்பால் வாரிக் கட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் நாலு வீச்சுக்கு ஒருமுறை இழை பின்னால் போய் முள்ளின் வளைவில் சுற்றிக்கொண்டு ஃபிளை பம்பரம்போல் சுழல்கிறது, தங்கூசியெல்லாம் முறுக்கு. இதற்கு மருந்து உண்டா?

சஸ்குவெஹானா சந்திரன் | திங்கள் இரவு 9:05

மணி தம்பி, மருந்து மான்வால்தான்! அடி விறைப்பாக இருந்தால் சுற்றாது. ராசா இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், தன் இழையின் பெரிய வியாதியை மறைத்துவிட்டார்.

பாபோவிக்ஸ் பெயரை இழுத்ததால் ஒன்று சொல்கிறேன். பெரிய பங்கர் மீனைப்போல் ஃபிளை வேண்டும் என்றபோது அதே பாபோவிக்ஸ் மான்வாலைத்தான் கையில் எடுத்தார். முடியை முன்னோக்கிக் கட்டிப் பின்னால் மடித்துத் தள்ளும் ஹாலோ ஃபிளை அவருடையதுதானே? கொஞ்சம் முடியில் பெரிய உடம்பு, உள்ளே காற்றோட்டம். சர்ஃப் கேண்டியை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிட்டால் அது வாதம் இல்லை, வக்கீல் வேலை.

நெடுந்தீவு நிலா | டொராண்டோ | செவ்வாய் காலை 8:30

இரண்டு அண்ணைமாரும் நல்லாய்க் கதைக்கிறீங்கள், ஆனால் கத்தரித்த துண்டு எங்கே போகுது என்று ஒருத்தரும் கேட்கேல்லை. ராசா அண்ணை கிருதா ஒதுக்கிற கதை சொன்னவர். அந்த ஒதுக்கல் எல்லாம் மேசையில் பிளாஸ்டிக் தூசி. புளூஃபிஷ் கடித்துத் துப்பினது கடலுக்குள்ளே. மான் முடி உக்கிப்போகும், இது போகாது.

சந்திரன் அண்ணையும் சிரிக்க வேண்டாம். உங்கட ஃபிளையின்ர கண் ஈயம். இஞ்ச கனடாவின் தேசியப் பூங்காக்களுக்குள்ளே மீன் பிடிக்கிற ஆட்கள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டோ ஈயத் தலை வைத்த ஜிக் முள்ளோ வைத்திருக்கவே கூடாது, லூன் பறவைகள் விழுங்கிச் சாகுது என்றுதான். நான் பித்தளைக் கண்ணுக்கு மாறிவிட்டேன், கொஞ்சம் மெதுவாய் இறங்கும், ஆழம் குறைந்த இடத்துக்கு அதுவே நல்லது. இழை வேணுமோ முடி வேணுமோ என்று நீங்கள் அடிபடுங்கோ, கண்ணை முதல் மாற்றுங்கோ.

ராரிட்டன் ராசா | செவ்வாய் இரவு 10:10

நிலா சொன்னது சுருக்கென்று இருக்கிறது. மேசைத் தூசியை இனி டப்பாவில் போடுவேன், கடலில் உதிர்வதற்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மணி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இழையின் நீளம் முள்ளின் நீளத்தைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்ட வேண்டாம். முதல் கற்றையின் அடியில் அரை அங்குலம் குட்டையான, விறைப்பான இழை கொஞ்சம் வைத்துக் கட்டுங்கள், அது முட்டுக்கொடுக்கும். அப்படியும் சுற்றினால் 25 பவுண்டு தங்கூசியை முள் வளைவுக்கு மேல் ஒரு சின்ன வளையமாகக் கட்டிவிடுங்கள், இழை அதன்மேல் படுத்துக்கொள்ளும், கீழே இறங்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் கற்றையைப் பாதியாகக் குறைப்பது. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அள்ளி வைத்துத் துடைப்பம் கட்டுகிறார்கள். நானும்தான்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பாலத்து விளக்கின் கீழ் ஸ்பியரிங் கூட்டம், விரல் நீளம், கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற மீன். நிழல் விழும் கோட்டில் ஸ்ட்ரைப்பர் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. என் ஃபிளை பக்கத்தில் போகும், ஒன்று திரும்பிப் பார்க்கும், போய்விடும். முக்கால் மணி நேரம் இதே அவமானம். கடைசியில் நகவெட்டியால் முதுகு இழையில் பாதியை வெட்டி எறிந்தேன், பத்துப் பன்னிரண்டு இழைதான் மிச்சம், ஃபிளையா முள்ளா என்றே தெரியவில்லை. இரண்டாவது வீச்சில் தண்டவாளத்தில் மாட்டியதுபோல் ஒரு நிறுத்தம். 33 அங்குலம். வைத்துக்கொள்ள அனுமதி 28-லிருந்து 31 வரைதான், அதனால் விட்டுவிட்டேன். (நகவெட்டித் துண்டும் தண்ணீரில்தான் போனது, நிலா மன்னிக்க.)

சஸ்குவெஹானா சந்திரன் | செவ்வாய் இரவு 10:32

ஜெயித்தது நகவெட்டி, இழை இல்லை. மான்வாலிலும் பத்துப் பன்னிரண்டு முடி வைத்திருந்தால் அந்த மீன் முதல் வீச்சிலேயே வந்திருக்கும்.

ராரிட்டன் ராசா | செவ்வாய் இரவு 10:35

வந்திருக்காது.

சஸ்குவெஹானா சந்திரன் | செவ்வாய் இரவு 10:36

வந்திருக்கும்.

முட்டுக்காடு மணி | ஞாயிறு மதியம் 1:20

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ராசா அண்ணன் சொன்னபடி சாக்கு இழையைப் பாதியாக்கித் தங்கூசி வளையம் வைத்தேன், சுற்றுவது நின்றுவிட்டது. ஆனால் சந்திரன் அண்ணன் சொன்ன அசைவும் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் கறிக்கடை பாயிடம் ஒரு வெள்ளாட்டு வால் கேட்டேன். எதற்கு என்று கேட்டவர் காரணம் சொன்னதும் காசு வாங்கவில்லை, பரிதாபப்பட்டாரோ என்னவோ. வயிற்றுக்குச் சாக்கு இழை, முதுகுக்கு ஆட்டு முடி, கண்ணுக்கு பொட்டிக் கடையில் வாங்கிய பித்தளை மணி இரண்டு.

இன்று காலை வத்தத்தில், அதாவது தண்ணீர் வற்றி இறங்குகிற நேரத்தில், ஒரு கொடுவா, ஒன்றரைக் கிலோ இருக்கும், நிறுத்தத்தில்தான் அடித்தது. எந்தப் பாதியைப் பார்த்து அடித்தது என்று அதுதான் சொல்ல வேண்டும், குழம்பில் கிடக்கிறது. இப்போது அவசரமான கேள்வி வேறு. மிச்ச ஆட்டு வால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, வீட்டில் நாற்றம் தாங்கவில்லை, மனைவி ஒரு மணி நேரம் கெடு கொடுத்திருக்கிறாள். என்ன செய்ய?

சஸ்குவெஹானா சந்திரன் | ஞாயிறு மதியம் 1:24

எலும்பை உருவி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கிற கொழுப்பை மொண்ணைக் கத்தியால் சுரண்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு தடவை அலசி, தோல் பக்கம் கல்லுப்பை அப்பி நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடியில், தம்பி, ஃப்ரிட்ஜில் இல்லை. காக்கைக்கு எட்டாமல் வையுங்கள்.