எங்கள் வளாகத்துக் குழந்தைகள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

கேள்வி:
பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் நாலு வருடமாக இருக்கிறோம். போன புதன்கிழமை பெண்ணுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடப் போனோம். செவிலியர் நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்க வளாகத்துல மூணு குழந்தைதான் இருக்கு இதுல" என்றார். மாலையில் ஊஞ்சல் பக்கம் போனாலே முப்பது குழந்தைகள் நிற்கும். மற்றவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

பதில் (ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்):
தம்பி, அந்த நோட்டோடு முப்பது வருடம் நடந்தவள் நான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவு. ஆனால் நாடு முழுக்கத் தலை எண்ணி முடித்த கடைசிக் கணக்கு 2011-இல் எடுத்தது. அப்போது உங்கள் செங்கல்பட்டு மாவட்டமே கிடையாது, 2019-இல்தான் பிரிந்தது.

இடையில் செவிலியர் வீடு வீடாகப் போய் எழுதுவதுதான் ஆதாரம். தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பத்து வீட்டுக் கணக்கு வந்துவிடும். அடுக்குமாடியில் காவலாளியைத் தாண்ட முடியாது. "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கம்மா" என்பார். ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் கேட்டோடு திரும்பினேன். அந்த வாரமே உள்ளே மூன்று குழந்தைகளுக்கு டெங்கு. எனக்குத் தெரியவே பத்து நாள் ஆனது. இன்னும் மனசு ஆறவில்லை.

பதில் (புள்ளியியல் ஆசிரியர்):
இன்னொன்றும் உண்டு. 1969-ஆம் வருடச் சட்டப்படி, பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். படிவத்தில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊரைத் தனியாகக் கேட்பார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த முகவரியையே எழுதிவிடுகிறார்கள். பிறப்பு விகிதம் என்பது பிறப்பு எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுப்பது. உங்கள் ஊருக்குப் போட்டால் மேலே பிறப்பும் குறைவு, கீழே மக்கள்தொகையும் பழசு. வருகிற எண்ணை நம்பி என்ன திட்டம் போடுவது?

கேட்டவர்:
பெண் திருச்சியில்தான் பிறந்தாள் ஐயா. மாமனார் வீட்டு முகவரிதான் கொடுத்தோம். சரி, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறேன். அம்மா, செவிலியருக்கு என்ன தயார் செய்து வைக்கட்டும்?

பதில் (செவிலியர்):
கர்ப்பிணி இருக்கும் வீடு, ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீடு, இவற்றின் கதவு எண் போதும். மற்றதை அவரே நேரில் கேட்டு எழுதிக்கொள்வார். அப்புறம் காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் தம்பி. லிஃப்ட்டில் ஏறவும் விடச் சொல்லுங்கள், கையில் தடுப்பூசிப் பெட்டி இருக்கும்.