சைபர் செக்யூரிட்டி கோர்ஸுக்கு 85 ஆயிரம் கட்டலாமா?

கேள்வி (கடைசி வருஷ மாணவி, தென்காசி):
பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். நெட்வொர்க் பேப்பர்ல ஓ.எஸ்.ஐ.ன்னு நெட்வொர்க் வேலையைப் பிரிச்சுச் சொல்ற ஏழு அடுக்கையும் மனப்பாடம் பண்ணி 78 மார்க் வாங்கிட்டேன். ஆனா லேப்ல கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஸ்விட்சைத் தொட்டதே இல்ல, கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. எனக்கு சைபர் செக்யூரிட்டி வேலைக்குப் போகணும்னு ஆசை. ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஆறு மாச எத்திக்கல் ஹேக்கிங்குக்கு (அனுமதியோட ஹேக் பண்ணி ஓட்டையைக் கண்டுபிடிக்கிறது) 85 ஆயிரம் கேக்குறாங்க. அப்பா நகையை அடகு வைக்கலாம்ங்கிறார். சேரலாமா?

பதில் (நெட்வொர்க் இன்ஜினியர், சென்னை):
தங்கச்சி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன், ஆள் எடுக்கவும் உட்கார்ந்திருக்கேன். நான் கேக்குற முதல் கேள்வியே, "ஐ.பி.க்கு (சைட்டோட எண் முகவரிக்கு) பிங் போகுது, பதிலும் வருது, பேரைப் போட்டா சைட் திறக்கல, எங்க பார்ப்ப?" பேரை ஐ.பி.யா மாத்துற டி.என்.எஸ்.னு சொல்லாம ஹேக்கிங் டூல் பேரா அடுக்குறவங்கதான் அதிகம். பாவமா இருக்கும், எல்லாரும் பணம் கட்டிப் படிச்ச பிள்ளைங்க.

லேப்டாப்ல ரெண்டு விர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற கம்ப்யூட்டர்) லினக்ஸ் போடு. ஒண்ணுல டெல்நெட் சர்வர் (எதையும் மறைக்காம அனுப்புற பழைய ரிமோட் லாகின்), இன்னொண்ணுல இருந்து லாகின் பண்ணு. நடுவுல போற டேட்டாவைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க் ஓடட்டும். அப்புறம் 'ஃபாலோ டி.சி.பி. ஸ்ட்ரீம்' அமுக்கிப் பாரு. பாஸ்வேர்டு அப்படியே தெரியும். அதைக் கண்ணால பார்த்த அன்னிக்குத்தான் எனக்கு செக்யூரிட்டின்னா என்னன்னு புரிஞ்சது.

சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க் பரீட்சையான சி.சி.என்.ஏ. 200-301 பாடத்திட்டத்தை எடுத்துப் பாரு. அதுலயே செக்யூரிட்டி 15 சதவீதம் இருக்கு, ஐ.பி. கனெக்டிவிட்டி 25. சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சின்னதா பிரிக்கிறது) மட்டும் தினமும் பத்து கணக்கு போடு. /26 அளவு நெட்வொர்க்னா 62 ஹோஸ்ட் (இணைக்கக்கூடிய கருவி)னு தூக்கத்துல கேட்டாலும் வரணும்.

பதில் (கல்லூரி ஆசிரியை, மதுரை):
அந்த அலமாரிச் சாவியை நாலு பேரா சேர்ந்து போய் எச்.ஓ.டி. கிட்ட எழுதிக் கேளுங்கம்மா. உடைஞ்சா யார் பொறுப்புங்கிற பயத்துலதான் பூட்டி வைப்பாங்க. அதுவரைக்கும் நெட்வொர்க்கை கம்ப்யூட்டர்லயே செஞ்சு பார்க்கிற பாக்கெட் டிரேசர் இலவசம். ஐ.ஐ.டி.க்காரங்க ஆன்லைன்ல நடத்துற என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம், சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்குப் பணம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா: காலேஜ் வைஃபைல எதையும் சோதிச்சுப் பார்க்காதீங்க. அனுமதியில்லாம நுழைஞ்சா ஐ.டி. சட்டம் 66ஆம் பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். விளையாட்டா செஞ்சு மாட்டின பையனோட அம்மா ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு அழுததைப் பார்த்திருக்கேன்.

கேட்டவர்:
அண்ணா, நேத்து ராத்திரி செஞ்சு பார்த்தேன்! பாஸ்வேர்டு தெரிஞ்சதும் கை நடுங்கிடுச்சு. ஆனா யூசர்நேம்ல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு ரெண்டா வருது, பாஸ்வேர்டு மட்டும் ஒத்தையா வருது. ஏன்?

பதில் (நெட்வொர்க் இன்ஜினியர், சென்னை):
நீ அடிக்கிற எழுத்தை சர்வர் திருப்பி அனுப்புது, அதான் உன் ஸ்கிரீன்ல தெரியுது. பாஸ்வேர்டை மட்டும் திருப்பி அனுப்பாது. நல்லா கவனிச்சிருக்கம்மா. இன்னிக்கு அதையே டெல்நெட்டுக்குப் பதிலா வந்த எஸ்.எஸ்.எச்.ல செஞ்சுட்டு, என்ன தெரியுதுன்னு இங்கேயே எழுது.