ஏற்காடு மேய்ச்சல் கோழி முட்டை கிடைக்குமா?

வணக்கம். சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். லேசில் சிதையாத பழைய பூச்சிக்கொல்லிகள்தான் தலைப்பு. காப்பித் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு ஒரு காலத்தில் பிஎச்சி (BHC) என்ற பூச்சிக்கொல்லியைப் பூசினார்கள். 1997-இல் தடை வந்துவிட்டது, ஆனால் மண்ணுக்குத் தடை தெரியாதே! மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பில் அது சேரும், மஞ்சள் கருவிலும் இறங்கும்.

நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டைப் பக்கம் நாட்டுக்கோழியை மேயவிட்டு வளர்ப்பவர்கள் சில முட்டைகள் தர முடியுமா? கடைத் தீவனம் போடாத கோழி என்றால் ரொம்ப நல்லது. விலை கொடுத்துவிடுகிறேன். ஏற்காடு ஒண்டிக்கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். முடிவை முதலில் உங்களிடம்தான் சொல்வேன், உங்கள் பெயர் எங்கேயும் வராது.

அப்புறம், அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் மருந்து பூசிய பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறேன். முட்டையைவிட அதுதான் கிடைப்பது கஷ்டம்.