விஷனுக்கு வில்பவர் ஏன் ஏறமாட்டேங்குது? பாசிவ் / டிபஃப் / இம்யூன் குழப்பம்

ஒன்ஸ்டார்_ஒண்டிவீரன்:
மார்வெல் கான்டெஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ் மொபைல் ஃபைட்டிங் கேம். மாஸ்டரில (எல்லா ஆளுக்கும் பொதுவான மேம்பாடுகள்) டபுள் எட்ஜ், லிக்விட் கரேஜ், ரீகாயில் மூணும் இருக்கு (அட்டாக்கை ஏத்தும், பதிலுக்கு ஹெல்த்தை வெட்டும்), ஹெல்த் ஏத்துற வில்பவரும் ஃபுல். இம்யூனிட்டி (ஒரு எஃபெக்ட் ஒட்டாத தன்மை) இல்லாத ஆளை இறக்கினா ஃபைட் ஆரம்பத்துல ஹெல்த் கொஞ்சம் இறங்கி, வில்பவர்ல கொஞ்சம் ஏறுது. விஷனை இறக்கினா இறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. பாசிவ் (பஃப், டிபஃப் கணக்குல சேராத) டேமேஜ் தர்ற நோடுல (தனி விதி போட்ட ஃபைட் இடம்) மட்டும் ஹெல்த் கரையுது, அப்பவும் வில்பவர் அசையல. இது பக் (கேம் கோளாறு) தானா?

இன்னொண்ணு: ஸ்பைடர்மேன் இவேடை (அடியிலிருந்து நழுவுறது) டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் நல்லிஃபை (எதிரியோட பஃப், அதாவது நல்ல எஃபெக்டைப் பிடுங்குறது) பண்ண மாட்டேங்குறாரே?

ஹெவிபைட்:
பக் இல்ல. வில்பவர் உங்க மேல டிபஃப் (கெடுதல் எஃபெக்ட்) இருக்கிற நேரத்துல மட்டும்தான் ஏத்தும். டபுள் எட்ஜ் ஆரம்பத்துல போடுறது ப்ளீட் (ரத்தக்கசிவு), லிக்விட் கரேஜ் போடுறது பாய்சன் (விஷம்). விஷன் ரெண்டுக்கும் இம்யூன். டிபஃப் ஒட்டவே இல்லைன்னா வில்பவருக்கு எண்ண என்ன இருக்கு? ஆனா அட்டாக் போனஸ் முழுசா கிடைக்கும். வலி இல்லாம கூலி. விஷன், அல்ட்ரான் மாதிரி ஆட்களுக்கு இந்த மாஸ்டரி பொருந்துறதே அதனாலதான்.

ரீகாயில் வேற கதை. அது ப்ளீடும் இல்ல, பாய்சனும் இல்ல. ஸ்பெஷல் அடிக்கிறப்பெல்லாம் ஹெல்த்ல ஒரு பங்கை வெட்டும். ப்ளீட், பாய்சன் இம்யூனிட்டி இதைத் தடுக்காது. அதனால எஸ்பி1-ஐ (முதல் ஸ்பெஷல்) சும்மா அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க.

நோடுபுலி:
நோடு டேமேஜ் பாசிவ்தானே? பாசிவ்னா எந்த இம்யூனிட்டியையும் தாண்டிடும். அதான் காரணம்.

ஹெவிபைட்:
அப்படிப் பொதுவா சொல்லக் கூடாது, எல்லாரும் சறுக்குற இடமே இதுதான். இம்யூனிட்டி பார்க்கிறது எஃபெக்டோட பேரை. நோடு கொடுக்கிறது "பாசிவ் ப்ளீட்"னா, ப்ளீட் இம்யூன் ஆளுக்கு அது ஒட்டாது, திரையில "இம்யூன்"னு எழுத்து வரும். ப்ளீட்னு பேரே இல்லாத வெறும் நேரடி டேமேஜ்னா, எந்த இம்யூனிட்டியும் கைகொடுக்காது. நோடு வர்ணனையில அந்த ஒரு வார்த்தையைத் தேடுங்க.

பாசிவ்ங்கிற முத்திரை மாத்துறது மூணு விஷயத்தை. ப்யூரிஃபை அதைக் கழட்டாது, ஏன்னா அது டிபஃப்பை மட்டும்தான் கழட்டும். நல்லிஃபை தொடாது, அதுக்கு பஃப் வேணும். வில்பவர் எண்ணாது. "எல்லா டிபஃப்புக்கும் இம்யூன்"னு எழுதியிருந்தா, அதைத் தாண்டி பாசிவ் உள்ளே நுழையும். அங்க பேரைப் பார்க்கல, வகையைப் பார்க்குது.

(ப்யூரிஃபை பண்ற ஆளுக்கு வில்பவர் கம்மியாத்தான் ஏறும். டிபஃப் சீக்கிரம் போயிடுமே.)

காம்போகணக்கு:
ஸ்பைடர்மேன் இவேட் பஃப் இல்ல, சான்ஸ் வெச்சு நடக்கிற எபிலிட்டி. ஸ்ட்ரேஞ்ச் பிடுங்க அங்க ஐகானே கிடையாது. ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, எபிலிட்டி ஆக்யுரசியை (எபிலிட்டி வேலை செய்யுற வாய்ப்பு) குறைக்கிறது. இது கழித்தல் இல்ல, பெருக்கல். உதாரணத்துக்கு, சான்ஸ் 20%, குறைப்பு 40%னா, மிச்சம் 12%, பூஜ்யம் ஆகாது. அஞ்சு அடி காம்போவுல அந்த 12% ஒரு தடவை விழுந்தாலே போதும், நடுவுல நழுவி உங்களை அடிச்சிடுவான்.

ரெண்டாவது, இவேடையே அடைக்கிற டிபஃப். ஷி-ஹல்க் ஹெவில (அழுத்திப் பிடிச்சு அடிக்கிற பலமான அடி) வர்ற ஸ்லோ, ஐஸ்மேனோட கோல்ட்ஸ்னாப். ஐஸ்மேன் கோல்ட்ஸ்னாப்போடயே ஃபைட்டை ஆரம்பிப்பார், அதனால முதல் சில நொடி நிம்மதி. ஸ்லோ அன்ஸ்டாப்பபிளையும் (அடி வாங்கியும் நிக்காம வர்றது) அடைக்கும், ஜகர்நாட்டுக்கும் அதே ஷி-ஹல்க்தான். டைமர் தீர்றதுக்கு ஒரு அடி முன்னாடி காம்போவை நிறுத்துங்க, அடுத்த ஹெவிக்கு இடம் பாருங்க. நோடு அந்த டிபஃப்புக்கு இம்யூனிட்டி கொடுத்தா இந்த வழி அடைபட்டுது, ஆக்யுரசி வழிதான்.

ஒன்ஸ்டார்_ஒண்டிவீரன்:
நோடைத் திறந்து பார்த்தேன். "ப்ளீட்"னு ஒரு இடத்துலகூட இல்ல, வெறும் டேமேஜ்தான். விஷனை அங்கேயிருந்து எடுத்தாச்சு.