வாரண்டி முடிந்த பிறகு லேப்டாப் ஹிஞ்ச் (மூடியைத் தாங்கும் கீல்) உடைந்தால் யார் பொறுப்பு?

எம்.சி. ரோடு:
லேப்டாப் வாங்கி ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆகிறது. போன வாரம் மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். திரையைச் சுற்றி இருக்கிற சட்டம் பிளந்து உள்ளே ஒயர் தெரிகிறது. கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை. சர்வீஸ் சென்டரில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டே ‘பிசிகல் டேமேஜ்’ என்றார்கள். ஹிஞ்சைப் பேனலோடு (அதைத் தாங்கும் பிளாஸ்டிக் உறையோடு) மாற்ற 9,500 ரூபாயாம். வாங்கிய விலை 48,000. இது தயாரிப்புக் குறை, கம்பெனிதான் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும் என்கிறேன். தப்பா?

தேரடி (திருவொற்றியூர்):
தப்புதான். ஒரு வருஷம் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஒரு வருஷம் ஓடியது. மிக்ஸி ஜார் பிளேடு பதினாலாவது மாசம் போனால் கம்பெனி வாசலில் போய் நிற்பீர்களா? நம் ஆட்கள் லேப்டாப்பைத் திறக்கும் அழகு எனக்குத் தெரியும். ஒரு கையில் டீ, இன்னொரு கையால் மூலையைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவது. அப்புறம் திரையைப் பிடித்தே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு எடுத்துப் போவது. உடையாமல் என்ன செய்யும்?

ஸ்க்ரூடிரைவர் (தண்டையார்பேட்டை):
நான் பழுது பார்க்கிறவன். மூலையைப் பிடித்துத் திறந்தால் ஒரு பக்கம் முறுக்கு விழும், அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. பிரித்துப் பார்த்தால் ஹிஞ்ச் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உடைவது அதைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக். பேனலின் உள்பக்கம் குட்டிக் குட்டியாகப் பிளாஸ்டிக் தூண்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மரை வெட்டிய பித்தளைக் குழல் ஒன்றைச் சூடாக்கிப் பதித்திருப்பார்கள். ஸ்க்ரூ ஏறுவது அந்தப் பித்தளையில்தான். உடைந்த மெஷினைத் திறந்தால் ஹிஞ்ச், ஸ்க்ரூ, பித்தளை மூன்றும் ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே கையோடு வரும். பித்தளையைச் சுற்றி வெளுத்துப்போன பிளாஸ்டிக் சில்லு ஒட்டியிருக்கும். தூண் இருந்த இடத்தில் பள்ளம்.

ஏன் ஒரு வருஷம் கழித்து? ஹிஞ்சின் தண்டில் கிரீஸ் போட்டிருப்பார்கள். அது காயக் காய, தூசி சேரச் சேர ஹிஞ்ச் இறுகும். தண்டு திரும்ப மறுத்தால் நீங்கள் மூடியில் கொடுக்கிற பலம் முழுவதும் அந்தத் தூண்களுக்குப் போகும். புதிதாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வாரண்டிக்கும் இதற்கும் நல்ல பொருத்தம்.

எண்ணூர் காத்து:
நம்ம பக்கம் உப்புக் காற்றையும் சொல்லுங்கள் அண்ணா. இங்கே ஜன்னல் கம்பியே தங்குவதில்லை, ஹிஞ்ச் எம்மாத்திரம்?

ஸ்க்ரூடிரைவர்:
துரு ஏறினால் இறுக்கம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் மாதவரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் வருகிற மெஷின்கள் இதே இடத்தில்தான் உடைந்து வருகின்றன. எல்லாப் பழியையும் கடல் தலையில் போட முடியாது தம்பி.

தேரடி:
மெக்கானிக் கம்பெனியைத் திட்டாமல் இருந்தால்தான் அதிசயம், பிழைப்பே அதில்தானே. 20,000 தடவை திறந்து மூடிச் சோதித்தோம் என்று கம்பெனிகள் விளம்பரத்திலேயே போடுகின்றன. மிலிட்டரி தரம் என்று ஸ்டிக்கர் வேறு.

ஸ்க்ரூடிரைவர்:
கணக்குப் போடுங்கள் சார். நாளைக்குப் பத்துத் தடவை திறந்தாலும் 20,000 தடவைக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் வரவேண்டும். பதினாலு மாசத்தில் போகிறது என்றால் அவர்கள் சோதித்த விதத்துக்கும் நாம் பயன்படுத்தும் விதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே அர்த்தம்? மிஷின் வைத்துச் சீரான வேகத்தில் திறந்து மூடுவது வேறு, தூசியிலும் வியர்வையிலும் வருஷக்கணக்கில் கிடப்பது வேறு.

மிலிட்டரி ஸ்டிக்கர் இன்னும் தமாஷ். அதில் போட்டிருக்கும் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது வெப்பம், அதிர்வு, தூசி, விழுதல் என்று பல சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் கடை லேப்டாப்புக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. அப்புறம், நல்ல ஹிஞ்ச் வந்தால் எனக்கு வரும்படி குறையும். அப்படியும்தான் சொல்கிறேன்.

எம்.சி. ரோடு:
நுகர்வோர் சட்டம் 2019-இல் வடிவமைப்புக் குறைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று இருக்கிறதாமே. அதில் பிடிக்க முடியாதா?

கறுப்புக்கோட்டு:
அந்த வழியில் போகாதீர்கள். நீங்கள் சொல்வது பொருள் பொறுப்பு பற்றிய அத்தியாயம். குறையுள்ள பொருளால் உடம்புக்கோ வேறு சொத்துக்கோ கெடுதல் வந்தால்தான் அது உதவும். பொருளுக்கே வந்த சேதத்தைச் சட்டமே ‘கெடுதல்’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. பேட்டரி வெடித்து மேஜை எரிந்தால் அது. ஹிஞ்ச் உடைந்தால் சாதாரணமாக ‘பொருளில் குறை’ என்று புகார் போடுவதுதான் சரி.

வாரண்டி முடிந்ததாலேயே கதவு அடைந்துவிடாது. வாங்கும்போதே உள்ளே இருந்த குறை என்று காட்டினால் வாதாடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. (எங்கள் ஆட்கள் என்னை அடிக்க வரப்போகிறார்கள்.) அதற்கு முன் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடுங்கள். சில சமயம் அந்தப் புகாரிலேயே கம்பெனி இறங்கி வரும்.

தேரடி:
மூன்று மாசத்தில் தீர்ப்பு என்று ஏட்டில் இருக்கும். 9,500 ரூபாய்க்கு எத்தனை நாள் லீவு போடுவார்? குறை இருந்ததை யார் நிரூபிப்பது?

கறுப்புக்கோட்டு:
அந்தக் கேள்வி நியாயம். பார்த்ததும் தெரியாத குறை என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரையே கட்டச் சொல்லவும் செய்யலாம். ஆகவே பழுது பார்க்கும் முன்பு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். முடிந்தால் மெஷினில் கையே வைக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
சார், அது நடக்கிற காரியமா? திரைக்குப் போகிற கேபிள் அந்த ஹிஞ்ச் ஓரமாகத்தான் போகிறது. பிளந்த மூடியை இன்னும் பத்து நாள் திறந்து மூடினால் கேபிள் நசுங்கும், அப்புறம் டிஸ்ப்ளேவும் போகும். வழக்கு ஜெயித்து வருவதற்குள் மெஷின் காயலான் கடைக்குத்தான். அவர் வேலை பார்க்க வேண்டாமா?

எம்.சி. ரோடு, இப்போதைக்கு மூடியைத் திறந்தே வையுங்கள், எக்ஸ்டர்னல் மானிட்டர் இருந்தால் நல்லது. ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். அது மொறமொறவென்று காயும், அடுத்த இழுப்பில் விடும். தண்டுக்குள் இறங்கினால் ஹிஞ்சும் காலி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் உங்கள் மாடலுக்குப் பேனல் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் பித்தளையை அதன் இடத்தில் வைத்து அரால்டைட் பசை போட்டு ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்கவேண்டும். எது செய்தாலும் முதலில் ஹிஞ்ச் முனையில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். அதைச் செய்யாமல் புதுப் பேனல் போட்டால் அதுவும் உடையும்.

எண்ணூர் காத்து:
என்னுடையது இன்னும் உடையவில்லை, ஆனால் திறக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து தூக்குகிறது.

ஸ்க்ரூடிரைவர்:
அதுதான் அறிகுறி. ஹிஞ்ச் பக்கத்து மூலையில் நகம் நுழைகிற இடைவெளி வந்திருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் நட்டைத் தளர்த்தினாலே பிழைத்தது. வாரண்டி இருந்தால் இப்போதே காட்டி, ‘ஹிஞ்ச் இறுக்கம்’ என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேரடி:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன், பார்த்துப் பயன்படுத்தணும்.

ஸ்க்ரூடிரைவர்:
நீங்கள் சொன்னது டீ கிளாஸ் கதை சார்.

கறுப்புக்கோட்டு:
எம்.சி. ரோடு, சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் (பழுது விவரச் சீட்டு) என்ன எழுதிக் கொடுத்தார்கள்? ‘பிசிகல் டேமேஜ்’ என்று இருந்தால் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று மெயிலில் கேளுங்கள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாதகம். பழுது பார்க்கத்தான் வேண்டும் என்றால் உடைந்த பேனலைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
பேனல், பித்தளை, சில்லு எல்லாம் ஒரு கவரில் போட்டுத் தந்துவிடுகிறேன். பிரிக்கும்போது வீடியோவும் எடுத்துக்கொள்ளட்டும்.

எம்.சி. ரோடு:
ஜாப் ஷீட்டே தரவில்லை சார். சிஸ்டத்தில் ஏற்றிவிட்டோம், பிரிண்ட் கிடையாது என்றார்கள். நாளைக்குப் போய்க் கேட்கிறேன். கொடுக்கவில்லை என்றால் அங்கேயே நின்று 1915-க்குப் போடுகிறேன்.