போஹெட் வேட்டை: ஈட்டிக்கு முன்னும் பின்னும்

அலாஸ்காவின் வடகோடி ஊரான உத்கியாக்விக்கில் இன்யுப்பியாட் மக்கள் ஏப்ரல், மே மாதங்களில் நடத்தும் போஹெட் திமிங்கில வேட்டைக்கான இழை இது. எல்லோரும் ஈட்டி எறிவதைப் பற்றியே கேட்கிறார்கள். அது சில நொடி வேலை. தோல், பனி, கயிறு, வெட்டு இவற்றில் ஒன்று பிசகினாலும் அந்த உயிர் வீணாகிவிடும். தெரிந்தவர்கள் அவரவர் பகுதியை எழுதுங்கள். படகை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உமியாக் என்பது மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்திய படகு. ஒரு படகுக்கு உக்ருக் எனப்படும் தாடிச் சீலின் தோல் ஐந்து முதல் ஏழு வரை வேண்டும். தோலைப் புளிக்கவிட்டால் முடி தானே கழன்றுவரும்; நாள் கூடிவிட்டால் தோலே வலுவிழக்கும். தைப்பவர்கள் பெண்கள். நூல், கரிபூ மானின் தசைநாரை முறுக்கியது. ஊசி தோலின் பாதித் தடிமன்வரைதான் போக வேண்டும், மறுபக்கம் வெளிவரக் கூடாது. துளை முழுதாக விழுந்தால் அங்கே நீர் கசியும். தையலை இரு பக்கமும் போடுவார்கள். தோல் படகு இலேசானது, பனித்தட்டின் மேல் இழுத்துப் போகலாம், துடுப்பு போடும்போது சத்தமே வராது. வசந்தத்தில் அலுமினியப் படகை விட்டு இதை எடுப்பது அதனால்தான். மோட்டார் படகு இலையுதிர்காலத் திறந்த கடலுக்கு.

*

பனியைப் பற்றி நான். கரையோடு ஒட்டி நிற்கும் பனித்தட்டு துவாக். அதன் விளிம்புக்கும் மிதக்கும் பனிக்கும் நடுவே திறக்கும் நீர்வழியில்தான் திமிங்கிலங்கள் வடகிழக்காகப் போகும். விளிம்புவரை பாதை வெட்டுவது பல நாள் உழைப்பு. பனி மோதிக் குவிந்த மேடுகளைக் கோடரியால் உடைத்துச் சமப்படுத்த வேண்டும். திரும்பி ஓட வேண்டி வந்தாலும் அதே பாதைதான், ஆகவே வளைவைக் குறைத்து வெட்டுங்கள்.

காற்றை விட நீரோட்டத்தைக் கவனியுங்கள். கயிற்றில் கனம் கட்டி இறக்கினால் ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியும். கடலிலிருந்து கரையை நோக்கி ஓட்டம் திரும்பி, மிதக்கும் பனி நெருங்கினால் உடனே கூடாரத்தைக் கலைக்க வேண்டும். மோதலில் துவாக்கே பெயர்ந்துவிடும். மோதல் ஓய்ந்து ஓட்டம் வெளிப்பக்கம் திரும்பும்போது, பிளந்த துண்டு ஆட்களோடு கடலுக்குள் போகும். முன்பு பல ஆண்டு உறைந்த கனத்த பனி துவாக்கைத் தாங்கிப் பிடித்தது. இப்போது அது அருகிவிட்டது, அபாயம் கூடிவிட்டது.

விளிம்பில் வெள்ளை மேலங்கி, மெல்லிய நடை. பனியில் எதையும் தட்டாதீர்கள், போஹெட்டின் காது அவ்வளவு கூர்மை. புகையும் ஆகாது என்பார்கள் முதியவர்கள். போஹெட்டின் மூளையில் மோப்பத்துக்கான பகுதி நன்றாக வளர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பின்னாளில்தான் கண்டார்கள்.

*

கருவி. டார்ட்டிங் கன் 1865இல் காப்புரிமை பெற்ற வடிவம், அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்கள் வழியாக இங்கு வந்தது. மரக்கழியின் நுனியில் ஹார்ப்பூனும் அருகில் சிறு குழலும் இருக்கும். ஹார்ப்பூன் உள்ளே இறங்கியதும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தோலில் இடிக்கும், குழல் குண்டைச் செலுத்தும், சில நொடி கழித்து அது உள்ளே வெடிக்கும். ஹார்ப்பூன் முனை உடலுக்குள் குறுக்கே திரும்பிக்கொள்ளும், கயிறு மிதவையோடு ஓடும். குறி, மண்டைக்குப் பின்னாலுள்ள கழுத்துப் பகுதி. விலாப் பக்கம் விழுந்தால் திமிங்கிலம் கயிற்றோடு பனிக்கு அடியில் போய்விடும். குண்டில் கருமருந்துக்குப் பதில் பென்த்ரைட் என்ற வலுவான வெடிமருந்து வந்தபின் சாவு விரைவாயிற்று.

கயிற்றுச் சுருளில் யார் காலும் இருக்கக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அடித்துக் கைக்கு வராமல் போன திமிங்கிலமும் கணக்கில் சேரும். சர்வதேசத் திமிங்கில ஆணையத்தின் 2019–2025 ஒதுக்கீட்டில் கரைசேர்ப்பது ஏழு ஆண்டுக்கும் சேர்த்து 392, ஈட்டியால் அடிப்பது ஆண்டுக்கு 67 என்று இருந்தது. அடிக்காமல் மிச்சமான எண்ணிக்கையில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம்.

*

ஒதுக்கீடு பற்றி ஒரு வரி. 1977இல் வேட்டைக்கே தடை வந்தது, திமிங்கிலம் மூவாயிரம்கூட இல்லை என்று கணித்ததால். பனிக்கு அடியிலும் அவை போகின்றன, விளிம்பில் நின்று எண்ணினால் தவறும் என்றார்கள் வேட்டைக்காரர்கள். நீருக்கடி ஒலிவாங்கிகளைப் போட்டுக் கேட்டபோது அதுவே உண்மையாயிற்று. 2011 கணக்கில் சுமார் 17,000.

*

வெட்டும் இடம். வால்புறம் கயிறு கட்டி இழுத்துவர வேண்டும், திமிங்கிலத்தின் பக்கத் துடுப்புகளை உடலோடு சேர்த்துக் கட்டினால் நீர் குறைவாகத் தடுக்கும். ஏற்றுவதற்குத் தடித்த பனியில் சரிவு வெட்டிக் கப்பி கட்டுவார்கள். ஊரே இழுக்கும். கப்பிக் கயிறு அறுந்தால் ஆளைக் கொல்லும், அதன் நேர்கோட்டில் நிற்காதீர்கள்.

தாமதம் ஆகாது. ஓரடிக்கும் மேல் தடித்த கொழுப்பு உடற்சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். வெளியே உறைபனியாக இருந்தாலும் உள்ளே இறைச்சி கெட்டுவிடும். முதலில் மக்தாக்கை, அதாவது தோலையும் கொழுப்பையும், பட்டை பட்டையாக உரித்தால்தான் சூடு இறங்கும். பங்கு, நிலத்தடி உறைமண்ணில் தோண்டிய சிக்ளுவாக் அறைக்குப் போகும். அந்த அறையை வேட்டைக்கு முன்பே சுரண்டித் துடைத்து, புதுப்பனி பரப்பியிருக்க வேண்டும்.

*

மிகியாக், அதாவது புளிக்கவைத்த திமிங்கில இறைச்சி, செய்பவர்களுக்கு: இறைச்சி, மக்தாக், நாக்கு இவற்றை இரத்தத்தோடு பாத்திரத்தில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்து நாள்தோறும் கிளறுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில் இறுக மூடி, அடுப்பருகே வைத்தால் பொட்டுலிசம் நஞ்சு உண்டாகும். மணத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.